பத்தாம் வகுப்பு வீட்டுப்பாடம்: ஐந்து கேள்வியில் நிற்கிறோம், கொஞ்சம் கை கொடுங்கள்

ஆரணி_தறிக்காரன்:

வணக்கம். ஆரணியில் பட்டுத்தறி நெய்பவன் நான், படிப்பு எட்டாவதோடு சரி. பொண்ணு பத்தாவது படிக்கிறாள். காலாண்டு லீவுக்கு எல்லாப் பாடத்திலும் கேள்வி அச்சடித்து ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முப்பதுக்குப் பக்கம் இருக்கும். மிச்சத்தையெல்லாம் அவளே போட்டுவிட்டாள், ஐந்தில்தான் நிற்கிறாள். டியூஷனில் காட்டியதற்கு மூன்றில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார்களே தவிர, ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதவில்லை. ராத்திரி தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கேட்கிறாள், நான் நாடாவைப் பார்க்கிறதா அவள் நோட்டைப் பார்க்கிறதா.

கணக்கு: ஒரு கார் போகும்போது மணிக்கு 40 கிமீ, அதே வழியில் திரும்பும்போது 60 கிமீ, சராசரி வேகம் என்ன? 50 என்று எழுதினாள், தப்பாம். எனக்கும் 50தான் வருகிறது. அறிவியல்: டம்ளர் விளிம்பு வரை தண்ணீர், மேலே ஐஸ்கட்டி மிதக்கிறது, அது கரைந்தால் தண்ணீர் வழியுமா? இதை இன்னும் எழுதவில்லை. சமூக அறிவியல்: வேலூர் புரட்சிக்கு உடனடிக் காரணம் என்ன, ஏன் தோற்றது? கொழுப்பு தடவிய தோட்டா என்று எழுதினாள், அதுவும் தப்பாம். தமிழ்: கற்க கசடற குறளை அலகிட்டு, அதாவது ஒவ்வொரு சீரையும் அசை அசையாகப் பிரித்து, தேமா புளிமா என்று வாய்பாடு எழுத வேண்டும், அதில் ஒரு சீர் தப்பு, எது என்று சொல்லவில்லை. புவியியல்: அருணாச்சலத்தில் விடிந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் குஜராத்தில் விடிகிறது, அப்புறம் ஏன் நாடு முழுக்க ஒரே கடிகாரம்? இதுவும் எழுதவில்லை.

விடை மட்டும் போதாது. அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கணக்குப்பிள்ளை:

அண்ணே, 50 எழுதியதற்காகப் பாப்பாவைத் திட்டாதீர்கள், காலேஜ் முடித்தவர்களே இதில் விழுவார்கள். தூரத்தை 120 கிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சென்னையில் இருந்து திண்டிவனம். போக 120 வகுத்தல் 40, மூன்று மணி நேரம். திரும்ப 120 வகுத்தல் 60, இரண்டு மணி நேரம். மொத்தம் 240 கிமீ, ஐந்து மணி நேரம், ஆகவே 48. ஐந்து மணி நேரத்தில் மூன்று மணி நேரம் மெதுவாகவே ஓடியிருக்கிறது பாருங்கள், அதனால்தான் சராசரி 40 பக்கமாகக் கொஞ்சம் சாய்கிறது. சராசரி வேகம் என்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது, இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்குவது இல்லை.

ஆரணி_தறிக்காரன்:

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கேட்கிறாள், கேள்வியில் தூரமே இல்லை, 120 என்று மாமா அவராகவே வைத்துக்கொண்டார், டீச்சர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது?

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. 60 கிமீ வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒன்றரை மணி, ஒரு மணி, ஆக 120 வகுத்தல் 2.5, மறுபடியும் 48. எந்தத் தூரம் வைத்தாலும் மேலேயும் கீழேயும் அடிபட்டுப் போய்விடும், பரீட்சையில் தூரம் d என்று எழுதிவிட்டால் யாரும் கேட்க முடியாது. 40, 60 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 120, பின்னம் வராது என்றுதான் அதை எடுத்தேன், வேறு ரகசியம் இல்லை. இன்னொன்று, இரண்டு வேகத்திலும் ஒரே அளவு *நேரம்* ஓட்டியிருந்தால் 50 சரிதான். இங்கே ஒரே அளவு *தூரம்*. கேள்வியில் எது சமம் என்று பார்ப்பதுதான் இந்தக் கணக்கே.

மோர்க்கடை:

ஐஸ் கரைந்தால் கண்டிப்பாக வழியும் சார். எங்கள் கடையில் தினமும் பார்க்கிறேன், டம்ளரில் ஐஸ் போட்டு வைத்தால் பத்து நிமிஷத்தில் மேஜை எல்லாம் தண்ணீர்.

ஃபிசிக்ஸ்_அக்கா:

மோர்க்கடை அண்ணா, மேஜையில் தண்ணீர் நிற்பது உண்மைதான், ஆனால் அது டம்ளருக்குள் இருந்து வந்ததே இல்லை! எவர்சில்வர் டம்ளர் சில்லென்று ஆனதும் காற்றில் இருக்கும் ஈரம் வெளிப்பக்கத்தில் முத்து முத்தாகப் படிந்து கீழே இறங்குகிறது. ஐஸ் போடாமல் ஃபிரிட்ஜ் தண்ணீரை முக்கால் டம்ளர் மட்டும் ஊற்றி வைத்துப் பாருங்கள், அப்போதும் அடியில் வட்டமாக ஈரம் நிற்கும்.

கேள்விக்கு வருவோம். வழியாது. ஐஸ்கட்டி 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்கும், ஆர்க்கிமிடிஸ் சொன்னது. அப்படியானால் இது 100 கிராம் தண்ணீரை, அதாவது 100 மில்லி இடத்தை, விலக்கி நிற்கிறது. தண்ணீர் உறையும்போது உப்பும், அதனால் கட்டியின் மொத்தப் பருமன் 109 மில்லி இருக்கும், அந்தக் கூடுதல் 9 மில்லிதான் தண்ணீருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. கரைந்ததும் 100 கிராம் ஐஸ் 100 மில்லி தண்ணீராகிறது, ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த இடத்திலேயே அச்சாக உட்கார்ந்துவிடுகிறது. மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

டீச்சரைக் கொஞ்சம் அசத்த வேண்டும் என்றால் இதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: டம்ளரில் நல்ல தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீர் இருந்தால் கதை மாறும். உப்புத் தண்ணீர் கனம் அதிகம், அதனால் அதே ஐஸ் 100 மில்லிக்குக் குறைவாகத்தான் விலக்கும், கரைந்தால் வருவதோ 100 மில்லி. அப்போது கொஞ்சமாக வழியும்.

மோர்க்கடை:

அட, மோரில் உப்பு போடுகிறோமே! அப்போ நான் சொன்னதும் பாதி சரி.

ஃபிசிக்ஸ்_அக்கா:

கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம் அண்ணா :)

கோட்டை_பக்கத்து_வீடு:

நான் வேலூர். பாப்பா எழுதிய தோட்டா 1857, மீரட் பக்கம் நடந்தது. எங்கள் ஊர்க் கதை 1806 ஜூலை 10, அதற்கு 51 வருஷம் முன்னால். அப்போது அந்தத் தோட்டா கிடையாது, இங்கே பிரச்சினை தலைப்பாகை. சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகை கொண்டுவந்தார்கள், அதில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது, மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்று இந்து, முஸ்லிம் இரண்டு பேருக்குமே சந்தேகம். கூடவே நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடு, மீசையை ஒரே மாதிரி வெட்டு என்று வேறு உத்தரவு. மே மாதமே எதிர்ப்புக் கிளம்பியது, எதிர்த்தவர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். உடனடிக் காரணம் என்று கேட்டால் இவ்வளவுதான் எழுத வேண்டும். திப்புவின் பிள்ளைகளைக் குடும்பத்தோடு அந்தக் கோட்டையிலேயே வைத்திருந்ததைப் பின்னணி என்று தனியாக எழுதச் சொல்லுங்கள், இரண்டையும் கலந்தால் மார்க் போகும்.

ஏன் தோற்றது என்பதற்கு வீட்டு மாடியில் நின்று கோட்டையைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். சுற்றிலும் அகழி, அவ்வளவு பெரிய மதில், வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தால் வெளியில் இருந்து யாரும் சுலபமாக உள்ளே வந்திருக்க முடியாது. சிப்பாய்கள் விடிவதற்கு முன் கோட்டையைப் பிடித்தார்கள், மைசூர்ப் புலிக்கொடியை ஏற்றினார்கள், அப்புறம் அடுத்து என்ன என்று சொல்ல ஒரு தலைமை இல்லை, சிலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி மூலம் ஆற்காட்டுக்குச் செய்தி போய்விட்டது. அங்கே இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார், இடையில் சுமார் 25 கிமீதான், அன்றைக்கே கோட்டை திரும்பக் கைமாறிவிட்டது. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில்.

விளைவு கேட்டால்: புது உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார்கள், கவர்னர் வில்லியம் பெண்டிங், தளபதி கிரடாக் இருவரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது, திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஆரணியில் இருந்து வேலூர் பஸ்ஸில் வந்துபோகிற தூரம்தானே, லீவு முடிவதற்குள் ஒரு நாள் கூட்டிவந்து காட்டுங்கள். அகழி ஓரமாக ஒரு சுற்று நடந்தால் அப்புறம் 1857 உடன் குழப்பமே வராது.

ஒருவரி_ஆள்:

எல்லாரும் இப்படி விடை சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் எப்போது யோசிப்பார்கள்?

ஆரணி_தறிக்காரன்:

தம்பி, யோசித்து எழுதித்தான் பெருக்கல் குறி வாங்கினாள். எங்கே தப்பு என்று யாராவது சொன்னால்தானே அடுத்த தடவை யோசிக்க முடியும்?

ஓய்வு_தமிழாசிரியர்:

குழந்தை எப்படிப் பிரித்தாள் என்று எழுதுங்கள் ஐயா. விடையை மட்டும் சொன்னால் அடுத்த குறளில் அதே தப்பு வரும்.

ஆரணி_தறிக்காரன்:

நோட்டில் இருக்கிறபடியே எழுதுகிறேன் ஐயா. கற்/க தேமா, கச/டறக் கருவிளம், கற்/ப/வை தேமாங்காய், கற்/றபின் கூவிளம், நிற்/க தேமா, அதற்/குத் புளிமா, தக மலர்.

ஓய்வு_தமிழாசிரியர்:

நன்றாகவே போட்டிருக்கிறாள். மூன்றாவது சீர்தான் தப்பு. கற்/பவை, நேர் நிரை, கூவிளம். ‘ப’ குறில், அதற்குப் பின்னால் ஒற்று இல்லை, உயிர்மெய் எழுத்து நிற்கிறது. அப்படி நின்றால் குறில் தனியாக நிற்காது, அடுத்த எழுத்தைக் கையைப் பிடித்துக்கொண்டு நிரையாகிவிடும், அது குறிலானாலும் சரி நெடிலானாலும் சரி. தனியாக நிற்பது எப்போது? பின்னால் ஒற்று வந்தால், அல்லது ‘கற்/க’வில் வருகிற மாதிரி சீர் அங்கேயே முடிந்துவிட்டால். வேடிக்கை என்னவென்றால் ‘கற்றபின்’ என்பதில் ‘றபின்’ என்று சரியாகச் சேர்த்திருக்கிறாள். ‘வை’ நெடிலாயிற்றே, அதைப் போய் எப்படிச் சேர்ப்பது என்று பயந்திருப்பாள்.

தளை, அதாவது ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்துகிற முறை, அதைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். இந்த இடத்தில் அது கைகொடுக்காது. விளம் முன் நேர் வந்தால் இயற்சீர் வெண்டளை, காய் முன் நேர் வந்தால் வெண்சீர் வெண்டளை, இரண்டுமே வெண்பாவுக்குச் செல்லும், அதனால் தேமாங்காய் என்று எழுதினாலும் தளை தட்டாது. அசை பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். இன்னொன்று, எழுதும்போது ‘கற்க’வுக்குப் பின் க் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வியங்கோளுக்குப் பின் வலி மிகாது, பல சுவர்களில் தப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் குறள் முழுக்கத் தேடினாலும் ஒரு துணைக்கால் கிடைக்காது, அதையும் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கணக்குப்பிள்ளை:

புவியியலை யாரும் தொடவில்லை, நானே போட்டுவிடுகிறேன். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். குஜராத் ஓரத்துக்கும் அருணாச்சல ஓரத்துக்கும் தீர்க்கக்கோடு சுமார் 30 பாகை வித்தியாசம், ஆக 2 மணி நேரம். ஊருக்கு ஊர் அதனதன் நேரத்தை வைத்துக்கொண்டால் ரயில் அட்டவணை போடவே முடியாது, அதனால் நடுவில் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82 பாகை 30 கலை கிழக்குக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். 82.5 பெருக்கல் 4, 330 நிமிடம், ஐந்தரை மணி. கிரீன்விச்சுக்கு நாம் ஐந்தரை மணி முன்னால் இருப்பது அதனால்தான். ஆரணி 79 பாகைச் சொச்சத்தில் இருக்கிறது, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று பாப்பாவே போடட்டும்.

ஆரணி_தறிக்காரன்:

13 நிமிஷம் என்கிறாள். சரியா?

கணக்குப்பிள்ளை:

சரி. உங்கள் ஊர் வெயிலுக்கு உச்சிவேளை சராசரியாகப் பன்னிரண்டே கால் பக்கம்.

ஆரணி_தறிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் வாங்கி டம்ளரை நியூஸ்பேப்பர் மேல் வைத்துப் பார்த்தோம். பேப்பர் நனைந்ததும் பாருங்கள் வழிகிறது என்றாள், டம்ளரைத் துணியால் துடைத்துவிட்டுக் காட்டினேன், தண்ணீர் அப்படியே விளிம்பில் நிற்கிறது. மோர்க்கடை அண்ணனுக்கும் சேர்த்துத்தான் துடைத்தேன்.

தமிழைத்தான் ஐயாவிடம் சொல்ல வேண்டும். நேர் நிரை என்று அவள் கோடு போட்டுப் பிரிக்கிறதைப் பார்த்ததும் தறிக்கு மேலே ஓடுகிற ஜக்கார்டு அட்டையைக் காட்டினேன். ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு நூல் எழும்பும், இல்லாத இடத்தில் அப்படியே கிடக்கும், அந்த வரிசைதான் கரையில் மாங்காயாகவோ மயிலாகவோ விழுகிறது. அப்போ தேமா புளிமா எல்லாம் அட்டையா அப்பா என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், சரியோ தப்போ தெரியவில்லை. தாளில் இன்னும் இரண்டு குறள் பாக்கி இருக்கிறது, அவளே பிரிக்கிறேன் என்கிறாள், நாளைக்கு இங்கே போடுகிறேன், ஐயா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.