புதுப்பிப்பு: தங்கச்சிக்கு ஜெர்மனியில ரூம் கிடைச்சிருச்சு
மாஸ்டர்ஸ் படிக்கப் போற தங்கச்சிக்கு பிளாக்டு அக்கவுண்ட்ல (விசாவுக்காக ஒரு வருஷச் செலவை முன்னாடியே போட்டு, மாசாமாசம் ஒரு பங்கு மட்டும் எடுக்குற கணக்கு) போட்ட 11,904 யூரோ போதுமா, ரூம் கிடைக்குமான்னு திருமங்கலத்துல இருந்து கேட்டிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி.

பணம் மாசம் 992 யூரோதான் கைக்கு வருது. இழுத்துப் பிடிச்சு ஓட்டுறா. பாடாப் படுத்துனது ரூம்தான். ஹாஸ்டல்ல வெயிட்டிங் லிஸ்ட். முதல்ல தங்குன வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கிட்டு, இவ அங்க குடியிருக்கான்னு எழுதிக் கொடுக்க மாட்டேன்னுட்டார். அந்தக் கடிதம் இல்லாம முகவரி பதிய முடியாது; குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள பதியணும்னு சட்டமே இருக்கு. பதிஞ்சாதான் வரி எண்ணும் வரும். ‘ரூம் உண்டு, கடிதம் கிடையாது’ன்னு சொல்ற ஆளுக்கு அட்வான்ஸே கொடுக்காதீங்க. இப்ப ஒரு தேனிப் பொண்ணோட ஷேரிங்.

அம்மா உருக்கி வச்ச நெய்யைக் கடைசி நேரத்துல பெட்டியில இருந்து எடுத்துட்டோம். பால்ல செஞ்சது, இறைச்சியில செஞ்சது எதையும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டுபோகக் கூடாதாம். பருப்புப்பொடி மட்டும் போச்சு. நெய் எனக்கு (நல்லதாப் போச்சு!).

பார்ட் டைம் வேலை இன்னும் தேடுறா. வருஷத்துக்கு 140 முழு நாள் வரைக்கும் பார்க்கலாம். ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டு மெயில் போட்டும் பதில் இல்லை. நேர்ல போனா வேலை நடக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.