வழிகாட்டிப் பலகையில் தகவல் கூடினால் சாரதியின் மூளைக்கு என்ன நேர்கிறது?

கேள்வி (உப்புவெளி):
கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு வரும் வெளியூர்ச் சாரதிகள், சந்திகளில் உள்ள பலகைகளைப் படிப்பதற்காகத் திடீரென வேகத்தைக் குறைப்பதைக் கண்டு கவலைப்படுகிறேன். மூன்று மொழிகளிலும் பல ஊர்ப் பெயர்கள் ஒரே பலகையில் இருப்பது, சாரதியின் மூளைக்கு உண்மையிலேயே சுமையாகிறதா?

பதில் (உவர்மலை):
ஆம், ஐயா. நமது செயல்நினைவு, அதாவது தகவலைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் திறன், ஒரு நேரத்தில் மிகச் சில தகவல்களையே தாங்கும். மனச்சுமை கூடும்போது மூளையின் முன்பகுதியில் தீட்டா எனும் மெதுவான மின் அலைகள் வலுப்பதும், பின்பகுதியில் அல்பா எனும் சற்று வேகமான மின் அலைகள் தணிவதும் மூளையின் மின் அலைப் பதிவுகளில் (EEG) பொதுவாகக் காணப்படுகின்றன. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 19 மீற்றர் கடந்துவிடுவதால், பலகையில் இரண்டு விநாடி பார்வை நிலைத்தாலே ஏறத்தாழ 39 மீற்றர் போய்விடுகிறது. கண் வீதியை நோக்கியிருந்தும் கவனம் பலகையிலேயே தங்கிவிட்டால், குறுக்கே வரும் பிள்ளையைப் பார்த்தும் உணராமல் போகலாம் என்பதே எனக்கு மிகவும் அச்சமூட்டுகிறது.

பதில் (மூதூர்):
அதற்காக மொழிகளைக் குறைப்பது தீர்வாகாது. ஒவ்வொருவரும் தமக்குப் பழக்கமான எழுத்தையே தேடுவதால், ஒவ்வொரு மொழியும் எல்லாப் பலகைகளிலும் ஒரே வரிசையில், போதிய எழுத்தளவில் இருந்தால் தேடும் நேரம் சுருங்கும். ஊர்ப் பெயர்களைக் குறைத்து, சந்திக்கு வெகுமுன்பே முன்னறிவிப்புப் பலகை வைப்பதே நல்லது.

பதில் (கந்தளாய்):
ஹபரணை வீதியிலுள்ள யானை எச்சரிக்கையைப் போன்ற படக்குறிகள் விரைவில் விளங்கும். ஆயினும், தினமும் அவ்வழியே செல்பவரின் மூளை மாறாத பலகையைப் பொருட்படுத்தாமல் விடப் பழகிவிடுகிறது. ஆகவே யானைகள் கடக்கும் இடங்களில் இரவில் மட்டும் ஒளிரும் எச்சரிக்கை விளக்கையும் சேர்க்க வேண்டும்.