என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி, முப்படை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம்): எழுத்துத் தேர்வில் தேறியும் ஏன் இடம் கிடைப்பதில்லை?

காரைக்குடி மாணவன்: பிளஸ் டூ வணிகப் பிரிவு. நல்ல மதிப்பெண் எடுத்தவர்களையே எஸ்எஸ்பி என்ற நேர்முகத் தேர்வில் திருப்பி அனுப்புகிறார்களாமே, எதை வைத்து?

தேவகோட்டை அண்ணன்: தம்பி, வணிகப் பிரிவுக்குத் தரைப்படை மட்டும்தான். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் (கணிதம் 300, பொதுத்திறன் 600), எஸ்எஸ்பிக்கு 900. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். குருட்டாம்போக்கில் குறிக்காதே.

எஸ்எஸ்பி முதல் நாளிலேயே பாதிக்கு மேல் ஊர் திரும்புவது சகஜம். மங்கலான படத்தை 30 நொடி பார்த்து, கதை எழுதி, குழுவில் பேச வேண்டும். சத்தம் போடுகிறவன் தேறுவதில்லை, வாயே திறக்காதவனும் தேறுவதில்லை. தேறியவர்களுக்கு 60 சொற்கள் காட்டுவார்கள், சொல்லுக்கு 15 நொடியில் மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு 60 சூழ்நிலைகள், ஒவ்வொன்றிலும் நீ என்ன செய்வாய் என்று எழுத மொத்தமே 30 நிமிடம். மனப்பாட விடை இங்கேதான் மாட்டும். உளவியலாளர், குழுப்பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியாக எடைபோட்டு, கடைசி நாளில் ஒப்பிடுவார்கள். எழுத்தில் வீரன், மைதானத்தில் ஒதுங்கி நின்றான் என்றால் அங்கே தெரிந்துவிடும்.

கானாடுகாத்தான் அக்கா: ஒன்று விட்டுப்போச்சு. எஸ்எஸ்பியில் பரிந்துரை கிடைத்தால் இடம் உறுதி என்று எண்ணாதே, தம்பி. மருத்துவத்தில் தேறி, எழுத்தும் எஸ்எஸ்பியும் சேர்ந்த 1800க்கான தரவரிசையிலும் காலியிடங்களுக்குள் வர வேண்டும். காதில் அழுக்கு, கூடுதல் எடை போன்றவற்றால் தற்காலிகத் தகுதியின்மை வந்தால், 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழு உண்டு. காதையும் பல்லையும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டிவிடு.

காரைக்குடி மாணவன்: இந்த முறை தவறினால்?

தேவகோட்டை அண்ணன்: ஆண்டுக்கு இரண்டு தேர்வு. சேரும்போது பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள் இருந்தால் மறுபடி எழுதலாம்.