படகுல பேரு எழுதுற கை, சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்குப் போகுமா?

காசிமேடு_பிரஷ்:
தம்பிக்கு 24 வயசு. ராயபுரம், காசிமேடு பக்கம் விசைப்படகுல பேரு, நம்பர், கடை ஷட்டர், சுவர் விளம்பரம் எழுதுறான். படிப்பு பத்தாவதோட சரி. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு போர்டு வேலை குறைஞ்சுபோச்சு. சினிமா செட் பக்கம் போகணும்னு ஆசை. வழி இருக்கா? என்ன காட்டி வேலை கேக்கணும்?

வடசென்னை_ஸ்கேல்:
பெரியமேடு கவின்கலைக் கல்லூரி பக்கத்துலதான் இருக்கு, ஆர்ட் டைரக்டர் சாபு சிரில் அங்க படிச்சவர்தான். ஆனா அதுக்கு பிளஸ் டூ வேணும். புனே திரைப்படக் கல்லூரி கோர்ஸுக்கு டிகிரியே கேக்குறாங்க. இப்போதைக்கு ரெண்டையும் விடுங்க. பெயின்டரா உள்ள போறதுதான் கிட்டத்து வழி. பெரிய படங்கள்ல சினிமா தொழிலாளர் சங்கத்தோட உறுப்பினர் கார்டு கேப்பாங்க, அதனால குறும்படம், விளம்பரம்னு ஆரம்பிக்கட்டும். கார்டு வாங்கித் தரேன்னு முன்பணம் கேக்குற புரோக்கர் பக்கம் தலைவெச்சும் படுக்க வேணாம்.

கூடவே டேப் பிடிச்சுப் பழகணும். தெருமுனை டீக்கடையை அளந்து, ஒரு அடிக்குக் கால் இஞ்ச் கணக்குல பிளானும் (மேலேர்ந்து பாக்குற வரைபடம்) முன்பக்கமும் போடச் சொல்லுங்க. கதவு எந்தப் பக்கம் திறக்குது, பாய்லர் மேடை எவ்ளோ உயரம்னு எல்லாம் வரணும். சாமி படம், நடிகர் முகம்னு நிரப்புன ஆல்பத்தை யாரும் ரெண்டாவது பக்கம் புரட்ட மாட்டாங்க.

ஏஜிங்_அண்ணாச்சி:
ஆல்பத்தோட, பழசாகிப்போன மாதிரி ஒரு சாம்பிள் சுவரும் செஞ்சு வெக்கணும். 4க்கு 4 அடி பிளைவுட், பின்னாடி ரீப்பர் கட்டை அடிக்கணும், இல்லன்னா ஈரம் பட்டதும் வளைஞ்சுடும். மேல காடாத்துணி ஒட்டி, பட்டி இழுத்து, ஒரு நாள் முழுக்கக் காய விடணும். அவசரப்பட்டு டிஸ்டெம்பர் அடிச்சா ஏடு ஏடா உரியும். கடலோர வீட்டுல உப்பு பூத்து அடிச்சுவர் உரியுமே, அது வேணும்னா கீழ ரெண்டு அடி மட்டும் அங்கங்க மெழுகுவர்த்தி தேய்ச்சுட்டு மேல் கோட் கொடுத்து, காஞ்சதும் கரண்டியால சுரண்டணும்.

அப்புறம் வாஷ், அதாவது தண்ணியாக் கரைச்ச நிறம். அம்பர்ங்கிற பழுப்பு ஸ்டெய்னரை டீ டிகாக்‌ஷன் நிறத்துக்குக் கரைச்சு, சுவத்துல முதல்ல தண்ணி தெளிச்சுட்டு மேலேர்ந்து ஓட விடணும். ஜன்னல் கட்டையோட ரெண்டு மூலைக்கும் கீழ ஒழுகல், ஆணிக்குக் கீழ துரு, சுவிட்ச் போர்டைச் சுத்திக் கை அழுக்கு, ஆள் சாயுற உயரத்துல எண்ணெய்க் கறை. எல்லா இடத்துலயும் ஒரே அளவா ஸ்பாஞ்ச் ஒத்துறதுதான் புதுசா வர்றவங்க பண்ற தப்பு, சுவரு லுங்கி டிசைன் மாதிரி ஆயிடும். எனாமல்ல பளபளப்பு இருந்தா லைட் திருப்பி அடிக்கும், மேல மேட் வார்னிஷ் கொடுங்க. பக்கவாட்டு வெளிச்சத்துல போன்ல போட்டோ எடுத்துப் பார்த்தா குறை தெரிஞ்சுடும்.

பழைய_எழுத்து:
தம்பியோட சொத்தே எழுத்துதான், அதை ஏன் யாரும் சொல்லல? பழைய காலத்துல நடக்குற பீரியட் படத்துல கம்ப்யூட்டர் எழுத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி மாட்டிக்குறாங்க. எழுத்துச் சீர்திருத்தம் 1978. அதுக்கு முந்தின கடைன்னா ‘லை’, ‘னை’க்குத் யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய வடிவம்தான். 80கள்ல நடக்குற கதைன்னா ரெண்டும் கலந்து இருக்கணும், ஏன்னா அரசாணை வந்துச்சுன்னு எவனும் பழைய போர்டை அழிச்சு எழுதல. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட். அதுக்கு முன்னாடி ராயபுரத்துக்கு 600013 கிடையாது, வெறும் ‘சென்னை-13’. டி.என். நம்பர் பிளேட் 1989க்கு அப்புறம்தான்.

வெளுப்பும் கவனிக்கணும். வெயில்ல சிவப்பு முதல்ல போகும், கறுப்பு நிக்கும். எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி மங்க வெச்சா பொய்னு தெரியும்.

காசிமேடு_பிரஷ்:
அப்போ படகு போட்டோ வேணாமா?

பழைய_எழுத்து:
வைங்க, ரெண்டே ரெண்டு. ஒரே படகு: எழுதுன அன்னிக்கு ஒண்ணு, ஒரு வருஷம் கடல்ல ஓடி வந்ததும் அதே இடத்துலேர்ந்து ஒண்ணு.