அடிக்கட்டை இற்றுப்போயிருக்கிறது: மறுபடி பட்டி பூசுவதா, கட்டையையே மாற்றுவதா?

மழைச்சாரல்:
உருட்டுக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு, வாங்கி ஆறு வருடம் ஆகிறது. போன வாரம் மேற்குச் சுவரைக் கழுவும்போது தரையிலிருந்து இரண்டாவது கட்டையில் கருப்பாக ஒரு திட்டு தெரிந்தது. சும்மா திருப்புளியை வைத்து அழுத்திப் பார்த்தேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. இதில் எரிச்சல் என்னவென்றால், இரண்டு வருடம் முன்பு இதே இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்து, அதை எபாக்ஸி பட்டி வைத்து அடைத்து மேலே இரண்டு கை வார்னிஷும் அடித்திருந்தேன். பட்டி இன்னமும் கல் மாதிரி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டிருந்த மரம்தான் இல்லை. நெம்பியதும் மூடி கழன்றது போல முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் ஈரம், பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாக வெடித்த மரம், விரலில் நசுக்கினால் தூளாகிறது. இன்னும் நல்ல பட்டியாக வாங்கி அடைத்தால் நிற்குமா? கட்டையை மாற்று என்று சொல்வீர்கள் என்றால், அதன் மேல் வீடே உட்கார்ந்திருக்கிறதே, எப்படி?

உளிச்சத்தம்:
கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் அது பழுப்பு அழுகல். பூஞ்சை மரத்தின் நாரான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, அதைப் பிணைக்கும் பழுப்பு லிக்னினை விட்டுவைக்கும், அதனால்தான் அந்த நிறம். வெளுத்து நார் நாராகப் பிரிந்தால் வேறு வகை. எதுவானாலும் தண்ணீர் இல்லாமல் பிழைக்காது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வேலையைத் தொடங்காது, 30ஐ ஒட்டிப் போனால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே பட்டியா கட்டையா என்பது இரண்டாவது கேள்வி, அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி, அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கட்டை வைத்தால் அதுவும் இதே கதைதான். மண்ணை ஒட்டிய முதல் கட்டையை விட்டுவிட்டு இரண்டாவதில் வந்திருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. அந்தக் கட்டையின் மேல்பாதியில் வானத்தைப் பார்த்து வாய் திறந்த வெடிப்பு இருக்கிறதா? கூரை ஓரத்துத் தகரக் காடி அந்த இடத்துக்கு நேர் மேலே ஒழுகுகிறதா? தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுவரை நனைக்கிறதா? விறகு சாத்தி வைத்திருந்தீர்களா? சுத்தியலின் பின்பக்கத்தால் இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீர் என்று கேட்கும், இற்றது பொத்தென்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வையுங்கள். ஊசி குத்திப் பார்க்கும் ஈரப்பத மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பழையதச்சன்:
பட்டியைத் திட்டாதீர்கள், அதன் மேல் தப்பில்லை. ஈர மரத்தில் பூசியதுதான் தப்பு. எபாக்ஸி வழியாக ஈரம் வெளியேறாது, மேலே வார்னிஷ் வேறு. உள்ளே மாட்டிய தண்ணீர் எங்கே போகும்?

மழைச்சாரல்:
தட்டிப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பொத்துப் பொத்தென்கிறது, ஆழம் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். மீட்டர் 34 காட்டுகிறது, நான்கடி தள்ளிக் குத்தினால் 15தான். உளிச்சத்தம் சொன்ன இரண்டுமே இருக்கிறது! விரல் நுழையும் அளவுக்கு மேல்நோக்கி ஒரு வெடிப்பு, அதற்கு நேர் மேலே இலை அடைத்து வழியும் காடி. ஆறு வருடமாக அதன் கீழேதான் நடந்துகொண்டிருக்கிறேன், ஒருநாள்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

உளிச்சத்தம்:
மூன்றில் ஒரு பங்கு என்றால் வீட்டைத் தூக்க வேண்டாம். பாதிக் கட்டை வைக்கும் வேலை போதும், அதாவது இற்ற முன்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நீளவாக்கில் பிளந்த புதுக் கட்டையை அங்கே பொருத்துவது. முதலில் காடியைச் சரிசெய்து, மழை படாமல் தார்ப்பாய் கட்டிக் காயவிடுங்கள். அப்புறம் சத்தம் மாறிய கோட்டையும் தாண்டி ஒரு சாண் நல்ல மரம் வரும்வரை வெட்டி, இற்றதை உளியால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். கொஞ்சம் பரவாயில்லை போல் தெரிகிற மரத்திலும் இரக்கம் காட்டாதீர்கள். குழிக்குள் போரேட் கரைசலை (பூஞ்சையைக் கொல்லும் போரான் உப்பு) நன்றாக ஊறும்படி அடியுங்கள். இரண்டு ஓரத்திலும் துளை போட்டு போரேட் குச்சிகளைச் சொருகி அடைத்துவிட்டால், பின்னால் எப்போதாவது ஈரம் ஏறும்போது அது கரைந்து மரத்துக்குள் பரவும். ஆனால் போரேட் மழையில் கழுவிப் போய்விடும், மேல்பூச்சு கட்டாயம். பழைய வார்னிஷ் மேல் அடித்தாலும் இறங்காது, சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். புதுத் துண்டின் மேல்விளிம்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும், இல்லாவிட்டால் இணைப்பிலேயே தண்ணீர் தங்கும்.

பாதிக்கு மேல் இற்றிருந்தால் ஜாக்கி வைத்துத் தாங்கிப் பிடித்து முழுக்கட்டையை உருவ வேண்டும், அதுவும் செய்யக்கூடியதுதான். ரஷ்யாவில் கீஷி தீவில் 1714இல் கட்டிய மரத் தேவாலயத்தையே அடுக்கடுக்காகத் தூக்கி நிறுத்தித்தான் இற்ற கட்டைகளை மாற்றினார்கள். ஆனால் அதை வீட்டில் தனியாக முயன்று பார்க்காதீர்கள்.

பழையதச்சன்:
அந்த வெடிப்பை மறக்க வேண்டாம். பட்டி வைக்காதீர்கள், மரம் வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி விரியும்போது பிய்ந்துவிடும். உள்ளே நுரைக் கயிறு திணித்து, மேலே இழுபடும் சீலன்ட் (அடைப்புப் பசை) போடுங்கள். கீழ்நோக்கிய வெடிப்புகளை அப்படியே விடலாம், தண்ணீர் தங்காது.

நிழல்மரம்:
மூலைகளில் கூரையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை முனைகளையும் குத்திப் பாருங்கள். வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும் வேகமே வேறு. என் வீட்டில் சுவரெல்லாம் நன்றாக இருக்க, நான்கு முனைகள் மட்டும் உள்ளே பொந்தாகியிருந்தன. கடைசியில் அவற்றைக் கூரைக்கு உள்ளடங்கும்படி அறுத்துவிட்டேன், அழகு கொஞ்சம் போனது, போகட்டும்.

மழைச்சாரல்:
காடி சரியாகிவிட்டது, தார்ப்பாய் கட்டி மூன்று வாரம் ஆகிறது. 34 இருந்தது 26க்கு வந்திருக்கிறது. மூலை முனைகளில் ஒன்று சந்தேகமாக இருக்கிறது, மற்றவை கணீர். 20க்குக் கீழே வந்ததும் ரம்பத்தை எடுக்கிறேன்.

உளிச்சத்தம்:
அவசரமில்லை, 18 வரட்டும். அதற்குள் பாதிக் கட்டையை வாங்கி நிழலில் அட்டி போட்டு வைத்துவிடுங்கள், வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து எடுங்கள். அதையும் மீட்டரில் குத்திப் பார்த்தே வாங்குங்கள். பச்சை மரத்தை வைத்தால் அடுத்த கோடையில் சுருங்கி இணைப்பு வாய் பிளந்துவிடும்.