40 நிமிட இங்கிலீஷ் பீரியடில் குழு வேலை தேவையா?

தேயிலைமேடு, குன்னூர்:
எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் பீரியடில் 'விமர்சனச் சிந்தனை', 'கூட்டுழைப்பு' என்று குழு பிரிக்கச் சொல்கிறார்கள். பெஞ்சைத் திருப்பிப் போடவே 7 நிமிடம் போகும். பிறகு ஒருத்தி எழுத, மூன்று பேர் தமிழில் அரட்டை. அந்த நேரத்தில் பாஸ்ட் டென்ஸை ஒழுங்காக நடத்தலாம்.

கோத்தகிரி மூடுபனி:
பெஞ்சை ஏன் சார் திருப்ப வேண்டும்? முன்பெஞ்சுப் பிள்ளைகள் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் நாலு பேர். எல்லோர் கையிலும் ஒரே தாள் இருப்பதால்தான் அரட்டை. தாளை நாலு துண்டாக வெட்டுங்கள். நம் மலை ரயிலே போதும்: 1899-ல் குன்னூர் வந்தது ஒன்றில், 1908-ல் ஊட்டியைத் தொட்டது இன்னொன்றில், 46 கி.மீ. தூரம் அடுத்ததில், 2005 யுனெஸ்கோ அங்கீகாரம் கடைசியில். துண்டைக் காட்டக் கூடாது. 'வென் டிட் இட் ரீச் ஊட்டி?' என்று மற்றவரைக் கேட்டால்தான் அவரவர் நோட்டில் போட்ட விடைக் கட்டம் நிரம்பும். உங்கள் பாஸ்ட் டென்ஸ் அங்கேயே இருக்கிறது.

தேயிலைமேடு:
'எப்ப வந்துச்சு?' என்று கேட்டு வாங்கிவிடுவான். இதில் சிந்தனை எங்கே? துண்டுச்சீட்டு வியாபாரம்தான்.

கூடலூர் வாசி:
இங்கிலீஷ் வாக்கியம் வாயில் வராதவன்தான் தமிழுக்குத் தாவுவான். முதல் 5 நிமிடம் கேள்விகளைப் பலகையில் எழுதி, சொல்ல வைத்த பிறகே துண்டைக் கொடுங்கள். எங்கள் பக்கம் மலையாளம், படுகு, பணியர் மொழி எல்லாம் ஒரே வகுப்பில். தமிழே பல வீட்டில் பேச்சுமொழி இல்லை.

கோத்தகிரி மூடுபனி:
சிந்தனைக்கு, இரண்டு துண்டில் மோதும் தகவல் வையுங்கள். ஒன்றில் 'பல்சக்கரத் தண்டவாளம் ஊட்டி வரை', அடியில் 'வாட்ஸ்அப் ஃபார்வர்டு, அனுப்பியவர் தெரியாது'. மற்றதில் 'கல்லாறு முதல் குன்னூர் வரை மட்டும்', அடியில் 'ரயில்வே தகவல்'. எதை நம்புவது என்பதை 'பிகாஸ்' போட்டு ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். 'தி செகண்ட் ஒன்' என்று நிறுத்தினால் பாதி மார்க்தான்.

தேயிலைமேடு:
40 பேருக்கு மார்க் போட்டு முடியுமா?

கோத்தகிரி மூடுபனி:
ஒரு தடவைக்கு 2 குழுவை மட்டும் கவனியுங்கள். கேட்டானா, காரணம் சொன்னானா, இரண்டே கட்டம். 10 குழுவும் 5 தடவையில் முடியும்.

தேயிலைமேடு:
வாரம் ஒரு பீரியட் என்றால் சரி. அதற்கு மேல் போனால் ஸ்பெல்லிங்குக்கு நேரம் இருக்காது. துண்டு வெட்டுவது யார்?

கூடலூர் வாசி:
ஒருமுறை 10 செட் வெட்டி உறையில் போட்டால் எல்லா செக்‌ஷனுக்கும் ஓடும். வெறும் தாளில் வேண்டாம், ஆடி ஈரத்தில் சுருண்டுவிடும். பழைய காலண்டர் அட்டையில் ஒட்டுங்கள்.