குப்பை எங்கே போகிறது என்று எழுதி வைத்திருந்த ஊர்

வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்த பலர், அங்கே எது மனதில் நின்றது, திரும்பி வந்து என்ன செய்தோம் என்று எழுதியதை வாசித்தேன். நானும் சொல்கிறேன்.

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றில் வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். கொரோனாவுக்கு முந்திய வருடம், திண்மக்கழிவு முகாமைத்துவப் பயிற்சிக்காக ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா மூலம் அந்த நாட்டுக்குப் போகக் கிடைத்தது. நகரங்களில் பெரிய எரிஉலைகளைக் காட்டினார்கள். நம் சபைகள் வாங்கக்கூடிய சாமான் இல்லை அது. மனதில் நின்றது கமிகட்சு என்ற மலை ஊர்தான்.

ஷிகொகு தீவில் இருக்கிறது. அப்போது சனத்தொகை 1,500 அளவில், அதில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளையும் மூட்டத்தையும் பார்த்தபோது தலவாக்கலைப் பக்கம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. 1990களில்கூடக் குப்பையைத் திறந்த வெளியில் குவித்து எரித்த ஊர் அது. 2003இல், இனிக் குப்பையே இல்லாத ஊராக்குவோம் என்று அறிவித்தார்கள். குப்பை லொறி கிடையாது. சமையல் கழிவு வீட்டிலேயே உரமாகிறது. மற்றதையெல்லாம் சனங்களே நிலையத்துக்குக் கொண்டுவந்து பிரித்துப் போடுகிறார்கள். நான் போனபோது 45 வகையாகப் பிரித்தார்கள்.

எங்கள் குழுவில் எல்லோரும் அந்த 45 பெட்டிகளைப் படம் எடுத்தார்கள். நான் பெட்டிகளுக்கு மேலிருந்த பலகைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பொருள் எங்கே போகிறது, அங்கே என்னவாக மாறுகிறது, கிலோவுக்கு எத்தனை யென் வருகிறது, அல்லது எத்தனை யென் செலவாகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் எழுதியிருந்தது. மொழிபெயர்ப்பாளரை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அதே ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. 1981இல் கடும் குளிரில் தோடை மரங்கள் பட்டுப்போயின. 1986இலிருந்து மேப்பிள் இலை, பூ, கொப்பு என்று பறித்து, உணவகங்களில் தட்டை அலங்கரிக்க விற்கிறார்கள். பறிப்பவர்களில் அதிகம் பேர் வயதான பெண்கள். அவர்கள் கணினியில் அன்றைய தேவையையும் விலையையும் பார்த்துவிட்டுத்தான் மரத்தடிக்குப் போகிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அவர் பறித்த கொழுந்தில் செய்த தேயிலை கொழும்பு ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று ஒரு நாள்கூட யாரும் அவருக்குச் சொன்னதில்லை. தராசில் எத்தனை கிலோ, அவ்வளவுதான்.

சரி, திரும்பி வந்து என்ன செய்தேன்? முதலில் தவறுதான் செய்தேன். ஒரு தோட்டத்தின் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) ஐந்து லயங்களைத் தெரிவுசெய்து, வீட்டுக்கு மூன்று பைகள் கொடுத்து, பிரித்து வைக்கச் சொன்னோம். தோட்டங்களுக்குள் சபைகள் வேலை செய்ய 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நீண்டகாலம் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதனால் குப்பை ஏற்றும் சபை டிரக்டர் லயத்துக்கு வருவதே அந்தச் சனங்களுக்குப் புதிது. நன்றாகவே பிரித்து வைத்தார்கள். மூன்றாவது கிழமை, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நாங்க பிரிச்சுத்தானே தம்பி வைக்கிறோம். ஒங்க டிரக்டர்ல எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?”

பின்னால் போய்ப் பார்த்தேன். உண்மைதான். பிளாஸ்டிக்கும் சோற்றுக் கழிவும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. தொழிலாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேறு நாள் ஒதுக்காதது நான். சனங்கள் ஒத்துழைப்பதில்லை என்று எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்போம்! அந்த வசனத்தை அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.

பிளாஸ்டிக்குக்கும் போத்தலுக்கும் ஒரு நாள், காகிதத்துக்கும் தகரத்துக்கும் ஒரு நாள் என்று மாற்றினோம். அநேகமாக எல்லா வீட்டிலும் மரக்கறிப் பாத்தி இருப்பதால் சமையல் கழிவை எடுப்பதை விட்டுவிட்டு, உரத் தொட்டி வைத்துக்கொடுத்தோம். அப்புறம் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினேன். போன மாதம் இந்த லயங்களிலிருந்து எத்தனை கிலோ போனது, யாருக்கு விற்றோம், எவ்வளவு கிடைத்தது. மாதா மாதம் நானே போய் எழுதினேன். மழையில் அழிந்தால் பாடசாலைப் பிள்ளைகள் திரும்ப எழுதி வைப்பார்கள். கானில் (வடிகாலில்) ஷாம்பு பைக்கற்றும் ரொட்டி உறையும் அடைத்துக் கிடப்பது அங்கே நன்றாகக் குறைந்தது. மழைக்காலத்தில் கான் அடைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது அதே பாட்டி அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறார். “காசு கெடைச்சதுன்னு எழுதுறீங்க, அது யாருக்குத் தம்பி போவுது?” சபை நிதிக்குத்தான் போகிறது. அதில் ஒரு பங்கைப் பிள்ளைக்காம்பராவுக்குத் தண்ணீர்க் குழாய் போட ஒதுக்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருமானத்தை லயத்துக்கே திருப்பிச் செலவழித்த சபை உங்களுக்குத் தெரிந்திருந்தால், தீர்மானத்தை எப்படி நிறைவேற்றினார்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் பலகை எழுதப் போகும்போது அந்தப் பாட்டிக்கு ஒரு பதில் வேண்டும்.